பள்ளிக்கூடத்துக் கூட்டு வேலையில் வருணாசிரமம்

இன்றைய தினம் நம் பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் பிள்ளைகளைச் சிறு சிறு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வேலையைக் கொடுத்து, அந்த வேலைக்கு மார்க்குப் போடுகிற வழக்கம் பரவியிருக்கிறது. இதற்குக் குழுச் செயல் என்றும், செயல்திட்டம் என்றும், கல்லூரியானால் ப்ராஜெக்ட் என்றும் பெயர். 2012-13-ம் கல்வியாண்டில் தமிழ்நாட்டுச் சர்க்கார் எட்டாம் வகுப்பு வரையில் முப்பருவ முறையைக் கொண்டுவந்தபோது, 100 மார்க்கில் 40 மார்க்கை வளரறி மதிப்பீடு என்று ஒதுக்கி, பிள்ளைகள் கையால் செய்து காட்டுகிற காரியங்களுக்கும் அதில் பங்கு கொடுத்தார்கள். பொறியியல் கல்லூரிகளிலோ கடைசி வருஷத்தில் சிலர் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் செய்து காட்டுவது நெடுநாளைய வழக்கம்.

இந்த ஏற்பாட்டை நாம் குறை சொல்ல வரவில்லை. பொருள் தெரியாமல் நெட்டுருப் போட்டு ஒப்பிப்பதுதான் கல்வி என்று நம்மை ஏய்த்து வந்த காலம் போய், நாலு பிள்ளைகள் கூடி யோசித்து, கேள்வி கேட்டு, கையால் செய்து பார்த்துத் தெரிந்துகொள்வது என்பது பகுத்தறிவுக்கு உகந்த காரியமேயாகும். ஆனால் நாம் கேட்பது ஒன்றே ஒன்று. மார்க்கு எல்லோருக்கும் போடுகிறீர்களே, பாடுபட்டவர் யார்? பாடுபடாமல் பலனைத் தின்றவர் யார்? இந்தக் கணக்கை யாராவது பார்த்ததுண்டா?

ஒரு உதாரணம் சொல்லுவோம். எட்டாம் வகுப்பில் 5 பிள்ளைகளுக்கு, நம் ஊர் நீர்நிலைகளைப் பற்றி ஒரு செயல்திட்டம் கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரியையும் கிணறுகளையும் போய்ப் பார்க்க வேண்டும். ஆழம் அளக்க வேண்டும். ஊரில் வயதானவர்களை விசாரித்து எழுத வேண்டும். படம் போட வேண்டும். வகுப்பில் எடுத்துச் சொல்ல வேண்டும். நடப்பது என்ன? வெயிலில் அலைந்து, கயிறு விட்டு ஆழம் அளந்து வருகிறவன் சேரிப் பிள்ளை. அவன் கொண்டுவந்த கணக்கை இராத்திரி கண்விழித்து முத்து முத்தாக எழுதுகிறவள் ஒரு பெண் பிள்ளை. சார்ட்டு வாங்கக் காசு கொடுத்ததோடு ஒருவனுக்கு வேலை தீர்ந்துபோயிற்று. இன்னொருவன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாமவன், வீட்டில் நாலு பேர் இங்கிலீஷ் பேசக் கேட்டு வளர்ந்தவன், கடைசி நாளன்று சலவைச் சட்டையோடு முன்னால் வந்து நின்று, எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்தவன் போலப் பேசுகிறான். உபாத்தியாயர் சந்தோஷப்பட்டு ஐந்து பேருக்கும் 20-க்கு 18 என்று ஒரே மார்க்குப் போட்டுவிடுகிறார். கைதட்டு மாத்திரம் பேசினவனுக்கு. எந்தக் கிணறு எந்த மாதத்தில் வற்றும், எந்தக் கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லக் கூடியவன் சுவரோரமாக நிற்கிறான். அவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுடைய பாட்டன் அந்தக் கிணற்றில் தண்ணீர் மொள்ள முடிந்ததா என்ற கேள்வி அந்தச் செயல்திட்டத்தில் இடம் பெறவும் இல்லை.

இது நம் நாட்டுக்குப் புதிய காரியமல்ல. நம் புராணங்களில் உள்ள பெரிய கூட்டு வேலை எது? பாற்கடலைக் கடைந்ததுதானே? தேவர்கள் ஒரு பக்கமும் அசுரர்கள் ஒரு பக்கமும் பிடித்து இழுத்தார்கள் என்றுதான் கதை. அதிலும் பாம்பின் வாலைப் பிடித்தவர்கள் தேவர்கள், விஷ மூச்சு விடுகிற தலைப் பக்கத்தைப் பிடித்தவர்கள் அசுரர்கள். இரண்டு கூட்டமும் சேர்ந்து கடைந்து அமிர்தம் வந்த பிறகு, மோகினி வேஷம் போட்டுக்கொண்டு வந்து, தேவர்களுக்கு மாத்திரம் பரிமாறி, அசுரர்களை ஏமாற்றி அனுப்பினார்கள். இதைப் படித்துவிட்டு, இது மோசடி அல்லவா என்று கேட்க வேண்டிய நம் மக்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டார்கள். இராமாயணத்திலோ கல்லையும் மரத்தையும் சுமந்து அணை கட்டினவை குரங்குகள், பெயர் மாத்திரம் இராமன் பாலம். தலைமுறை தலைமுறையாக இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த தேசத்தில், பாடுபடுகிறவன் ஒருவன், பெயர் வாங்குகிறவன் ஒருவன் என்பது பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தால் அதிசயம் என்ன?

சிலர் நினைக்கலாம், "இது பிள்ளைகள் விவகாரம், இதற்குப் போய் வருணாசிரமத்தை இழுப்பானேன்?" என்று. இழுக்காமல் என்ன செய்வது? பேசுவது ஒருவன், எழுதுவது ஒருத்தி, சுமப்பது ஒருவன், கூட்டிப் பெருக்குவது ஒருவன் என்று பிறவியைப் பார்த்து வேலை விழுகிறதே, அதற்குப் பெயர் வேறு என்ன? ஜாதி என்பது வேலையைப் பிரித்துக்கொள்ளுகிற ஏற்பாடுதான் என்று சப்பைக் கட்டுக் கட்டினவர்களுக்கு, அது வேலையை மாத்திரம் பிரிக்கவில்லை, வேலை செய்கிற ஆட்களையே மேல் கீழ் என்று பிரித்து அடைக்கிறது என்று டாக்டர் அம்பேத்கர் 1936-ல் ஜாதி ஒழிப்பைப் பற்றி எழுதிய நூலில் பதில் சொன்னார். 1953-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி, கிராமப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அரை நேரம் இருந்தால் போதும், மீதி நேரம் அப்பன் செய்யும் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் போட்டபோது, அது குலக் கல்வி என்று நாடு கொதித்து எழுந்தது. 1954-ல் ராஜாஜி பதவியை விட்டார், காமராசர் வந்தார், திட்டமும் ஒழிந்தது. அப்படி வாசல் வழியாகத் துரத்தப்பட்ட குலக் கல்வி இன்று குழு வேலை என்னும் ஜன்னல் வழியாக நுழைகிறதா இல்லையா என்று பார்ப்பது நம் கடமையல்லவா? அன்று சட்டம் போட்டுச் செய்யப் பார்த்தார்கள். இன்று சட்டமே வேண்டாமல், வாத்தியாரின் அசட்டையினாலேயே நடந்துவிடுகிறது.

இதில் பார்ப்பனரை மாத்திரம் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பார்ப்பனப் பிள்ளை ஒன்றுகூட இல்லாத எத்தனையோ கிராமப் பள்ளிக்கூடங்களில், பார்ப்பனரல்லாத மேல்ஜாதிப் பிள்ளை என்று தன்னை எண்ணிக்கொண்டிருக்கிறவன்தான் ஆதித்திராவிடப் பிள்ளையைச் சுமக்க வைக்கிறான். 1925-க்கு முன்பின்னாகச் சேரன்மாதேவி குருகுலத்தில், பொது ஜனங்களின் பணத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்ததற்காகக் கிளர்ச்சி செய்த நாம், நம் பிள்ளைகள் தமக்குக் கீழே இன்னொரு பந்தி வைத்தால் வாயை மூடிக்கொண்டு இருக்கலாமா? பெண்கள் விஷயத்திலோ எல்லா ஜாதியாரும் ஒன்றேதான். நோட்டு எழுத, படத்துக்கு வர்ணம் தீட்ட, கடைசியில் வகுப்பறையைப் பெருக்கப் பெண் பிள்ளைகள். கருவியைத் தொட, கணக்கைச் சொல்ல, மேடையில் நிற்க ஆண் பிள்ளைகள். இப்படிப் பழக்கிவிட்டு, பெண்களுக்குப் பேசத் தைரியம் இல்லை என்று நாமே சொல்லிச் சிரிக்கிறோம்.

நிற்க, கூடிச் செய்கிற வேலையில் சிலர் ஏன் கையைக் கட்டிக்கொள்கிறார்கள்? அது அவரவர் தலைவிதி, பிறவிக் குணம் என்று சோம்பேறித்தனமாகச் சொல்லிவிடக் கூடாது. இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சு தேசத்தில் ரிங்கல்மான் என்ற விவசாயப் பொறியியல் நிபுணர், ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து பலத்தை அளந்து, அதன் முடிவை 1913-ல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட ஒவ்வொருவர் இழுக்கும் பலமும் குறைந்துகொண்டே போயிற்று. 8 பேர் சேர்ந்து இழுத்தபோது, தலைக்கு விழுந்த பலம் ஒருவர் தனியே இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான். ஒருவர் இழுப்பு இன்னொருவர் இழுப்போடு ஒத்துப்போகாதது ஒரு காரணம். மனம் வைத்து இழுக்காதது இன்னொரு காரணம். நம் ஊர்த் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வடத்தைத் தொட்டுக்கொண்டு நடக்கிறவர் நூறு பேர், மூச்சைப் பிடித்து இழுக்கிறவர் பத்துப் பேர், சக்கரத்தின் கீழே உயிரைப் பணயம் வைத்து முட்டுக்கட்டை போடுகிறவன் ஒருவன், ஒன்றும் செய்யாமல் மேலே உட்கார்ந்து போகிறவர் குருக்கள். கடைசியில் தேரை இழுத்தது சாமியின் மகிமை!

அமெரிக்காவில் லாட்டனே முதலிய மனோதத்துவ ஆசிரியர்கள் 1979-ல் ஆட்களைக் கைதட்டவும் கூச்சல் போடவும் செய்து பார்த்தார்கள். அதிலும் கூட்டம் பெருகப் பெருகத் தலைக்குத் தலை சத்தம் குறைந்தது. பிறகு 1981-ல் இன்னொன்றையும் கண்டார்கள். அதாவது, கூட்டத்தில் இருந்தாலும் இன்னாருடைய சத்தம் இவ்வளவு என்று தெரிந்துவிடும் என்றால், எவனும் குறைத்துக்கொள்ளவில்லை. இதிலிருந்து தெரிவது என்ன? சோம்பல் என்பது பிறவியில் வருவதல்ல. ஒருவன் செய்ததும் செய்யாததும் வெளியே தெரியாமல் மறைக்கிற ஏற்பாட்டில்தான் அது வளருகிறது. ஏற்பாட்டை மாற்றினால் மனிதன் மாறுகிறான். இதைத்தானே நமது இயக்கம் ஆதியிலிருந்து ஜாதி விஷயத்திலும் சொல்லி வருகிறது?

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி எழுந்து, "நீங்கள் சமதர்மக்காரர் ஆயிற்றே! எல்லோருக்கும் சரி சமமாக மார்க்குப் போட்டால் உங்களுக்கு வயிறு எரிவானேன்?" என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். சமதர்மம் என்றால் ஒருவன் உழைப்பை இன்னொருவன் தின்னக் கூடாது என்பதே அதன் முதல் எழுத்து. உழுகிறவன் ஒருவன், உட்கார்ந்து தின்கிறவன் மிராசுதாரன் என்பதை ஒழிப்பதற்குத்தான் சமதர்மம். எட்டிப் பார்க்காதவனுக்கும் 18 மார்க்கு என்பது சமதர்மமல்ல, அது மிராசுதாரத்தனம். அன்றியும் சோறு வேறு, மார்க்கு வேறு. சோறு, பசித்தவன் எவனானாலும் போட வேண்டியது. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போடும்போது நீ எவ்வளவு உழைத்தாய் என்று எவரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. மார்க்கு அப்படிப்பட்டதல்ல. இவனுக்கு இது தெரியும் என்று ஊரார் நம்புவதற்காக வாத்தியார் எழுதிக் கொடுக்கிற சாட்சி அது. தெரியாதவனுக்குத் தெரியும் என்று எழுதிக் கொடுப்பது பொய்ச் சாட்சியல்லவா? அந்தச் சாட்சியை நம்பி நாளைக்கு அவனைப் பாலம் கட்டவும் மின்சாரம் பார்க்கவும் வைத்தால், இடிந்து விழுகிறபோது சாகிறவர்கள் யார்?

ஆனால் வேலை செய்யாதவனை எல்லாம் சோம்பேறி என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவதும் அறிவாகாது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு வீட்டுக்கு ஓடித் தண்ணீர் எடுத்து, தம்பி தங்கையைப் பார்க்க வேண்டிய பெண் இருக்கிறாள். சாயங்காலத்தில் கடையில் நின்று நாலு காசு கொண்டுபோனால்தான் அடுப்பு எரியும் என்கிற பையன் இருக்கிறான். வீட்டில் கைப்பேசி இல்லாதவன், இணைய வசதி இல்லாதவன் இருக்கிறான். ஒரு பணக்காரப் பிள்ளையின் வீட்டில் கூடலாம் என்று சொன்னால், அந்த வீட்டு வாசற்படி ஏறத் தயங்குகிற பிள்ளையும் இருக்கிறான். ஏறவிடாத வீடும் இருக்கிறது. இவர்களை எல்லாம் வராதவர் கணக்கில் எழுதி மார்க்கைக் குறைப்பது, காலைக் கட்டிவிட்டு ஓடவில்லை என்று அடிப்பதற்குச் சமமாகும்.

அதேபோல் எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிற கெட்டிக்காரப் பிள்ளையையும் தியாகி என்று புகழ்ந்துவிட முடியாது. "அவன் கையில் கொடுத்தால் கெடுத்துவிடுவான், மார்க்குப் போய்விடும்" என்று அவன் சொல்கிறான். நம் ஆட்கள் கையில் பதவி கொடுத்தால் நிர்வாகம் கெட்டுவிடும் என்று ஒரு காலத்தில் நமக்கு எதிராகச் சொன்ன வார்த்தை இதுதான்! தண்ணீரில் இறங்க விடாமல் நீச்சல் தெரியவில்லை என்பது எந்த ஊர் நியாயம்? வேலை செய்யாமல் ஏய்க்கிறவன் பலனைத் திருடுகிறான். வேலையை விடாமல் பிடித்துக்கொள்கிறவன் கற்கிற உரிமையைத் திருடுகிறான். இரண்டும் திருட்டுத்தான். இவை இரண்டையும்விடக் கேவலமானது, கடையில் காசு கொடுத்துச் செய்த சார்ட்டையும் ப்ராஜெக்ட்டையும் வாங்கிவந்து வைப்பது. பணம் கொடுத்துப் பாவத்தைப் போக்கிக்கொள்ளும் பிராயச்சித்தத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சரி, செய்ய வேண்டியது என்ன? உபாத்தியாயத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்.

முதலாவது, கூட்டத்தைச் சிறிதாக வையுங்கள். 3 பேர், மிஞ்சினால் 4 பேர். கூட்டம் பெருத்தால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். யார் யாரோடு சேருவது என்பதைப் பிள்ளைகளிடம் விட்டால் தெருத் தெருவாகத்தான் சேருவார்கள். ஆகையால் நீங்களே கலந்து பிரியுங்கள். ஆனால் ஒரே ஒரு சேரிப் பிள்ளையையோ ஒரே ஒரு பெண்ணையோ மற்றவர் நடுவில் தனியாக விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, எந்த வேலையும் யாருக்கும் சொத்தாகக் கூடாது. இந்த மாதம் எழுதினவர் அடுத்த மாதம் அளக்கட்டும், அளந்தவர் பேசட்டும், பேசினவர் பெருக்கட்டும். துடைப்பம் ஆண் பிள்ளை கையிலும் வரட்டும்.

மூன்றாவது, வேலையைப் பள்ளிக்கூட நேரத்திலேயே, உங்கள் கண்ணெதிரிலேயே செய்யச் சொல்லுங்கள். அப்போது ஏழைக்கும் பெண்ணுக்கும் தடையில்லை, கடைச் சரக்குக்கும் வழியில்லை. இன்று யார் என்ன செய்தார் என்று ஒரு நோட்டில் நாளுக்கு இரண்டு வரி எழுதி வரட்டும்.

நாலாவது, முடிவில் யார் பேசுவது என்பதைச் சீட்டுப் போட்டு அந்த நிமிஷத்தில் எடுங்கள். யார் பெயர் வந்தாலும் முழுவதையும் சொல்ல வேண்டும் என்றால், தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்தே தீர வேண்டும். பிறகு ஒவ்வொருவரையும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

ஐந்தாவது, மார்க்கை இரண்டாகப் பிரியுங்கள். 20-ல் 8 கூட்டத்துக்கு, 12 அவரவருக்கு என்று வைத்தால், ஒற்றுமைக்கும் கூலி உண்டு, உழைப்புக்கும் கூலி உண்டு. இந்தக் கணக்கை முதல் நாளே பலகையில் எழுதிவிடுங்கள்.

"கூட்டாளிகளே ஒருவருக்கொருவர் மார்க்குப் போடட்டுமே" என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். இதில் ஜாக்கிரதை வேண்டும். இரகசியமாகச் சீட்டு எழுதி வாங்குவது நல்லதே. ஆனால் நாலில் மூன்று பேர் ஒரே தெருவாக இருந்தால், நாலாமவன் எவ்வளவு பாடுபட்டாலும் அவன் சீட்டில் பூஜ்யம் விழும். ஊர்ப் பஞ்சாயத்தில் பார்த்த நியாயந்தானே! ஆகையால் அந்தச் சீட்டு உங்களை விசாரிக்கத் தூண்டுகிற புகாராக இருக்கட்டும், தீர்ப்பாக இருக்க வேண்டாம்.

"எங்களுக்கு நேரம் எங்கே?" என்று உபாத்தியாயர்கள் கேட்பது நியாயமே. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஆரம்பப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஒருவர், நடுநிலைப் பள்ளியில் 35 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று சொல்லுகிறது. அந்தக் கணக்குக் குறைகிற இடத்தில் சர்க்காரைக் கேட்பதற்குப் பெற்றோரும் நாமும் உங்கள் பக்கம் நிற்போம். ஆனால் சார்ட்டின் அழகைப் பார்க்க நேரம் இருக்கிறவர்களுக்கு, பிள்ளைக்கு இரண்டு கேள்வி கேட்க நேரம் இல்லாமல் போகாது.

இது ஆகிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சேதி. அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரத்தில், அதுவரை பிரித்து வைக்கப்பட்டிருந்த வெள்ளை, கறுப்பு, மெக்சிக்கப் பிள்ளைகளை 1971-ல் ஒரே வகுப்பில் சேர்த்தபோது அடிதடியும் பகையும் மூண்டது. அரோன்சன் என்ற மனோதத்துவ ஆசிரியர் ஒரு வழி செய்தார். பாடத்தைத் துண்டுகளாக்கி, கூட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார். அந்தத் துண்டு வேறு ஒருவரிடமும் இல்லை. ஆகவே எவனைக் கேலி செய்தார்களோ அவன் வாயைத் திறந்தால்தான் மற்றவர்க்குப் பாடம் முழுசாகும் என்று ஆயிற்று. கேலி செய்தவர்கள் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினார்கள். கறுப்புப் பிள்ளைகள், மெக்சிக்கப் பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்தது, வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நிறவெறி பிடித்த நாட்டில் ஆனது ஜாதிவெறி பிடித்த நாட்டில் ஏன் ஆகாது?

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை 18 மார்க்கு வாங்கி வந்தால், சந்தோஷப்படுவதற்கு முன், "இதில் நீ செய்தது என்ன? உன்னோடு இருந்தவர் செய்தது என்ன?" என்று கேளுங்கள். மாணாக்கத் தோழர்களே! செய்யாத வேலைக்கு மார்க்கு வாங்குவது யாசகத்தைவிடக் கேவலம். செய்த வேலையை இன்னொருவன் தன்னுடையது என்று சொல்லும்போது வாய்மூடி நிற்பது அடிமைத்தனம். இரண்டும் சுயமரியாதைக்கு விரோதம். "இதை அளந்தது நான்" என்று எழுந்து சொல்லுங்கள். அப்படிச் சொல்லுவது காட்டிக்கொடுப்பதல்ல, உள்ளதை உள்ளபடி சொல்லுவதாகும். வகுப்பில் 5 பேருக்கு நடுவில் தன் பங்கைக் கேட்கத் தெரியாதவன், நாளைக்கு ஆலையிலும் கழனியிலும் சட்டசபையிலும் எப்படிக் கேட்கப் போகிறான்? ஆகவே கேட்கப் பழகுங்கள், மற்றவர்க்கு உள்ளதைக் கொடுக்கவும் பழகுங்கள்.